வீட்டு இணைய ப்ராக்ஸி: கேட்ட ஊரைத் தருகிறதா? மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து நடக்கும் தொலைவில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் இணையப் புடவைக் கடைக்குச் சிங்கப்பூர், மலேசியா, தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண் முகவரியை, கொண்டு சிங்கப்பூர் வெள்ளியா, ரிங்கிட்டா, ரூபாயா என்று தளமே விலையை மாற்றிக் காட்ட வேண்டும். சென்ற தீபாவளி விற்பனை தொடங்கிய வாரத்தில் மதுரையிலிருந்து என் சித்தி மகள் அழைத்து, "அண்ணே, உங்க கடையில விலையெல்லாம் வெள்ளியில காட்டுதே, நான் எப்படிப் பணம் கட்டுறது?" என்று கேட்டாள். அங்கிருப்பவருக்கு எங்கள் கடை எப்படித் தெரிகிறது என்பதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சர்வர்கள் இருக்கும் தரவு மையத்து ஐபி ஒன்றின் வழியே பார்க்க முயன்றபோது, எங்கள் தளத்தின் பாதுகாப்பு அடுக்கே அதை இயந்திரம் என்று கருதித் தடுத்துவிட்டது. ஆகவே, நம் கோரிக்கையை வேறு ஊரிலுள்ள உண்மையான வீடுகளின் இணைய இணைப்பு வழியாக அனுப்பும் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டினோம். சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்துறையில் பலவும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இயங்குவதால், வேறொன்றை வாங்க நினைப்பவருக்கும் இது உதவும்.

இணைப்பை அமைப்பது எளிது. ஒரே நுழைவாயில் முகவரி, ஒரே போர்ட். எந்த நாடு, எந்த மாநிலம், எந்த ஊர் என்பதையெல்லாம் பயனர் பெயரின் வாலிலேயே சிறுகோடுகளால் பிரித்து எழுத வேண்டும்: கணக்கின் பெயர், அதன்பின் 'கன்ட்ரி' என்ற சொல், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, அதன்பின் மாநிலம், இறுதியில் 'செஷன்' என்ற சொல்லும் நாமே வைக்கும் ஓர் அடையாளமும். கடவுச்சொல் மாறுவதில்லை. அலுவலகத்தின் நிலையான ஐபியை அனுமதிப் பட்டியலில் சேர்த்துக் கடவுச்சொல் இல்லாமலும் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அது கைகொடுக்காது என்பதால் நாங்கள் பயனர் பெயர் முறையையே வைத்துக்கொண்டோம்.

இடத் தேர்வில்தான் சேவையின் தரம் வெளிப்படுகிறது. சிங்கப்பூருக்கு நகரத் தேர்வு என்பதே பொருளற்றது. நாடும் நகரமும் ஒன்றுதான். இங்கே பயன்படுவது இணைய நிறுவனத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வசதி. சிங்டெல் வழியாகவும் ஸ்டார்ஹப் வழியாகவும் தளம் ஒரே மாதிரி திறக்கிறதா என்று தனித்தனியாகச் சோதிக்க முடிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. மதுரை என்று கேட்டு ஒரு முழுக் காலைப்பொழுது சோதித்துக் குறிப்பெழுதிய பிறகு, வெளிச்செல்லும் முகவரிகளை ஐபி இருப்பிடத் தளம் ஒன்றில் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை மதுரை அல்ல; சில தமிழ்நாடுகூட அல்ல. மதுரையில் இணைப்பு கிடைக்காதபோது, சேவை நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் நாடு முழுவதிலிருந்தும் எதையோ எடுத்துக் கொடுத்துவிடுகிறது. "இல்லை" என்று சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். கேட்டது கிடைக்காதபோது பிழைச்செய்தி தரும் கண்டிப்பு முறை ஒன்று இருப்பதை உதவிக் குழுவிடம் எழுதிக் கேட்ட பிறகே அறிந்தேன். அதை நாமேதான் இயக்க வேண்டும். இயக்கிய பின் மதுரைக்கு அடிக்கடி, இணைப்பு கிடைக்கவில்லை என்று பொருள்படும் 502 பிழை வருகிறது. அந்தப் பிழையை நான் மனமார வரவேற்கிறேன்.

இதில் சேவையின் கையில் இல்லாத ஒன்றும் உண்டு. இந்திய இணைய நிறுவனங்கள் பல, பிற ஊர்களின் போக்குவரத்தைப் பெருநகரம் ஒன்றின் வழியாக வெளியே அனுப்புவதால், மதுரைவாசியின் முகவரியையே சென்னை என்று காட்டும் தரவுத்தளங்கள் உள்ளன; இரண்டு தரவுத்தளங்கள் ஒரே முகவரிக்கு இரண்டு ஊர்களைச் சொல்வதும் வழக்கம். நாணயத்தைச் சோதிக்க மாநில அளவே போதும் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன்.

செஷன் கட்டுப்பாடு, அதாவது ஒரே முகவரியைச் சிறிது நேரம் தக்கவைக்கும் வசதி, இந்தச் சேவையின் சிறந்த பகுதி. அடையாளம் எதுவும் தராவிட்டால் ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் புதிய முகவரி வரும். அடையாளம் தந்தால் அதிகபட்சம் 30 நிமிடம் ஒரே முகவரி நிலைக்கும். இங்கே ஒரு நுணுக்கம்: முகவரி மாறுவது இணைப்புக்கு இணைப்புதானே தவிர, பக்கத்துக்குப் பக்கம் அல்ல. உலாவி பழைய இணைப்பை மூடாமல் வைத்திருக்கும்வரை அதே முகவரிதான் தொடரும். இது தெரியாமல், முகவரி மாறவே இல்லை என்று முதல் வாரம் வீணாகப் புகார் எழுதினேன்.

எங்கள் சிக்கல் தீர்ந்ததும் செஷனால்தான். இரண்டு உலாவிகளை அருகருகே திறந்து, ஒன்றைச் சிங்கப்பூர்ச் செஷனிலும் மற்றதைத் தமிழ்நாட்டுச் செஷனிலும் நிறுத்தி, சர்வர் தற்காலிகமாகச் சேமித்துவைத்த பக்கங்களை (கேஷ்) அழித்துவிட்டு, ஒரே காஞ்சிப் பட்டுப் புடவையின் பக்கத்தை முதலில் சிங்கப்பூரிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் திறந்தேன். இரண்டிலும் வெள்ளி. மீண்டும் சேமிப்பை அழித்து, வரிசையை மாற்றித் திறந்தேன்; இரண்டிலும் ரூபாய். முதலில் வந்தவரின் நாணயத்தோடு பக்கத்தைச் சேமித்து, அடுத்தவருக்கும் அதையே எங்கள் சர்வர் நீட்டிக்கொண்டிருந்தது. நாட்டுக்கொரு சேமிப்பு என்று மாற்றியதும் சரியாயிற்று. முகவரி நடுவில் மாறியிருந்தால் இந்த ஒழுங்கு கண்ணில் பட்டிருக்காது.

ஆனாலும் 30 நிமிடம் என்பது உறுதிமொழி அல்ல. மறுமுனையில் இருப்பது யாரோ ஒருவரின் வீட்டுச் சாதனம்; அவர் அதை அணைத்தால் நம் செஷனும் போய்விடும். கூடையில் பொருள் சேர்த்துப் பணம் கட்டும் படிவரை சோதிக்கையில் இருமுறை அப்படி நடந்தது; சேவை ஓசையின்றி வேறு முகவரிக்கு மாற்றிவிட்டது. செஷன் அறுந்தால் பிழை தரும் வசதியையும் இதற்கு அவர்கள் சேர்க்க வேண்டும்.

சாக்ஸ்5 என்ற ப்ராக்ஸி இணைப்பு முறையைப் பயன்படுத்துவோர், தளப்பெயரைத் தீர்த்து ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் வேலையும் ப்ராக்ஸியின் மறுமுனையில் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளை வரியில் இணையப் பக்கங்களை எடுக்கும் கர்ல் நிரலில் 'சாக்ஸ்5' என்று எழுதினால் பெயர் நம் கணினியிலேயே தீர்க்கப்படும். அதன் ஈற்றில் 'எச்' சேர்த்தால்தான் மறுமுனையில் தீர்க்கப்படும். உலாவியின் நேர மண்டலத்தையும் மொழியையும் ப்ராக்ஸி மாற்றாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டணம் ஜிபி கணக்கில். பட்டுப் புடவைப் படங்கள் பெரியவை என்பதால் முதல் 5 ஜிபி பத்தே நாளில் கரைந்தது. விலை மட்டும் பார்க்கும் சோதனைகளில் படங்களைத் தடுத்த பிறகு அதே அளவு மாதம் முழுவதும் வருகிறது.

வாங்கும் முன் நான் மிகவும் வற்புறுத்திக் கேட்ட கேள்வி, இந்த வீட்டு முகவரிகள் எங்கிருந்து வருகின்றன என்பது. 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி சேவையை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட யுன்ஹே வாங் 2024 மே 24 அன்று சிங்கப்பூரில்தான் கைதானார். இலவச விபிஎன் செயலிகளுக்குள் தீநிரலை ஒளித்து, உரியவருக்குத் தெரியாமலேயே அவர்களின் கணினிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளோடு அந்த வலையில் சேர்க்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. யாரோ ஒரு பாட்டியின் கணினியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தித்தான் என் கடையைச் சோதிக்க வேண்டுமென்றால் எனக்கு அந்தச் சோதனை வேண்டாம். நாங்கள் வாங்கிய சேவை, பணம் பெற்றுக்கொண்டு ஒப்புதல் தருவோரின் சாதனங்களையே சேர்ப்பதாக எழுத்தில் தந்தது; எங்கள் நிறுவனப் பதிவையும், எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற விளக்கத்தையும் கேட்டு வாங்கிய பிறகே கணக்கைத் திறந்தது. இரண்டு நாள் தாமதமானது. அதனாலேயே என் நம்பிக்கை கூடியது.

பொங்கல் விற்பனைக்காக இன்னொரு 5 ஜிபி வாங்கியிருக்கிறோம். கண்டிப்பு முறையை எல்லாக் கணக்குகளிலும் இயக்கிவிட்டேன். இம்முறை ஜோகூர் வாடிக்கையாளர்களுக்கு ரிங்கிட் சரியாகத் தெரிகிறதா என்பதிலிருந்து சோதனை தொடங்குகிறது.