கருத்தை எதில் எழுதுவது: ஆங்கிலமா, ஆங்கில எழுத்தில் தமிழா, தமிழ் எழுத்தா?

புதுப்படம் ஒன்றின் முன்னோட்டம் யூடியூபில் வெளியானால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதன் கீழே மூன்று விதமான தமிழர்கள் வந்து நிற்கிறார்கள். ஒருவர் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுகிறார். இன்னொருவர் தமிழைத்தான் எழுதுகிறார், ஆனால் ஆங்கில எழுத்துகளில். மூன்றாமவர் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார். படத்தை விட்டு அரசியலுக்கோ குடிநீர்ப் பிரச்சினைக்கோ போனாலும் இதே மூன்று பேர்தான். எதில் எழுதினால் என்ன, சொல்ல வந்தது போய்ச் சேர்ந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்றே நான் நினைக்கிறேன். மூன்று வழிகளிலும் ஒரே கருத்து போய்ச் சேர்வதில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் வழக்கத்தை இளைஞர்களின் சோம்பல் என்று திட்டுவது நியாயமல்ல. குறுஞ்செய்திக் காலத்தில் ஒரு செய்திக்கு ஆங்கில எழுத்தில் 160 இடங்கள் கிடைத்தன. தமிழ் எழுத்துக்கு மாறினால் அது 70 ஆகச் சுருங்கியது. காசு கொடுத்து அனுப்பிய காலத்தில் யார் தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்? பல செல்பேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அன்று பழகிய விரல்கள் இன்றும் அப்படியே தட்டுகின்றன.

ஆனால் அன்றிருந்த காரணம் இன்று இல்லை. 2017இல் ட்விட்டர் தன் 140 இட வரம்பை 280 ஆக்கியது. அந்தக் கணக்கில் 'வணக்கம்' என்ற சொல் தமிழ் எழுத்தில் (மெய்யின் புள்ளியையும் தனி இடமாக எண்ணினால்) ஏழு இடங்களையும் ஆங்கில எழுத்தில் எட்டு இடங்களையும் எடுத்துக்கொள்கிறது, தமிழ்தான் சிக்கனம். அதே 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழும் வந்தது. தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாதவர்கள்கூடச் செல்பேசியிடம் பேசியே தமிழ் எழுத்தில் பதிவு போட முடிகிறது.

இனி எழுத்து மயக்கத்துக்கு வருவோம். ல, ள, ழ மூன்றையும் பெரும்பாலோர் 'எல்' என்ற ஒரே எழுத்தில் அடக்குகிறார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிட்டால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கருத்து மோதும் இடத்தில் மயங்குவது பெரும்பாலும் வினைச்சொல். 'எஸ், ஓ, என், என், ஏ' என்று ஒருவர் தட்டியிருந்தால், அது பேச்சுத் தமிழில் 'அவள் சொன்னாள்' என்பதா, 'சொன்னால்' என்ற நிபந்தனையா, 'சொன்ன' என்ற எச்சமா? மூன்றுக்கும் இடமுண்டு. யார் சொன்னது, உண்மையில் சொல்லப்பட்டதா என்பதே சண்டையாக இருக்கும் ஒரு விவாதத்தில் இந்த மயக்கம் சிறிய குறை அல்ல.

தமிழில் ஒருவரின் நிலைப்பாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். பெயர்ச்சொற்களில் அது கொஞ்சம்தான். சொற்களின் வாலில்தான் நிறைய இருக்கிறது. 'அமைச்சர் ராஜினாமா செய்கிறார்' என்பது செய்தி. 'செய்கிறாராம்' என்றால் நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு எனக்கில்லை என்று பொருள். அதே 'ஆம்' வேறொரு இடத்தில் ஏளனமாகிறது: 'இவர் நேர்மையானவராம்.' 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்பதில் வரும் 'தானே' எதிராளியைத் தன் பழைய பேச்சோடு கட்டிப்போடுகிறது. 'நீங்களாவது சொல்லியிருக்கலாம்' என்பதில் உள்ள 'ஆவது', மற்றவர்கள் மீது நம்பிக்கை போய்விட்டதையும் உங்கள் மீது கொஞ்சம் மிச்சமிருந்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வதந்தி பறக்கும் நாள்களில் ஒரு 'ஆம்' சேர்த்துப் பகிர்பவர் நேர்மையாக நடந்துகொள்கிறார் என்றே சொல்வேன். ஆங்கில எழுத்தில் இந்த வால்கள் அறவே மறைந்துவிடுவதில்லை. ஆனால் நெடில் விழுந்து, மெய் குறைந்து, விரைந்து படிப்பவரின் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன.

ஆங்கிலத்தின் பலம் வேறு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எங்கே சோறு கிடைக்கும் என்ற தகவல்கள் ஆங்கில ஹேஷ்டேக்குகளின் கீழ்தான் திரண்டன. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களின் முழக்கங்கள் தமிழில் இருந்தன. வெளிமாநிலத் தொலைக்காட்சிகளை எட்டியவை ஆங்கில ஹேஷ்டேக்குகள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ அதை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். அவரை எட்டியது ஆங்கிலச் செய்தி. லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த பெண்கள் தமிழில் சொன்னதெல்லாம் அத்தனை தூரம் போகவில்லை. ரயில்வே, வங்கி, விமான நிறுவனம் என்று எவரிடம் புகார் சொன்னாலும் பதில் விரைவாக வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் கைகொடுக்கிறது. இது எனக்கு உவப்பானதல்ல, ஆனாலும் உண்மை.

ஆங்கிலத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அதில் ஒருவரை மரியாதையாகக் குறிப்பிடுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையில்லை. தமிழில் அந்த முடிவிலிருந்து தப்பவே முடியாது. 'சொன்னார்', 'சொன்னான்', 'சொன்னது' என்று மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. எதற்குள் நுழைந்தாலும் உங்கள் கருத்து பாதி வெளியாகிவிடும். திரைப்படப் பின்னூட்டங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கதாநாயகன் 'நடித்திருக்கிறார்', கதாநாயகி பல சமயம் 'நடித்திருக்கிறாள்'. அவரைப் பாராட்டி எழுதும் வரியிலேயே அந்த 'ஆள்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெண் அரசியல் தலைவர்கள், பெண் பத்திரிகையாளர்கள் மீதான விமர்சனங்களில் அது 'அது', 'இது' என்று அஃறிணைக்கே இறங்கிவிடுகிறது. வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒருவரை இழிவுபடுத்த முடிகிற மொழி நம்முடையது. இதே மொழியில், கடுமையாக மறுக்கும் ஒருவரையும் கடைசிவரை 'அவர்' என்றே எழுதி, விமர்சனத்தைக் குறைக்காமல் மனிதரைக் காப்பாற்றவும் முடியும். அப்படி எழுதுபவர்களைத்தான் நான் விடாமல் படிக்கிறேன்.

இந்த நுட்பங்களை நிறுவனங்களின் இயந்திரங்கள் எந்த அளவுக்குப் பிடிக்கின்றன என்பது தனிக் கவலை. தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டி, அவற்றை நேர்மறை, எதிர்மறை, கலப்பு என்றெல்லாம் ஆட்களைக் கொண்டு பிரித்த தொகுப்பு ஒன்றை ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். நல்ல தொடக்கம் அது. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி எழுத்துக்கூட்டும் மொழியை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது எளிய வேலை அல்ல. கண்காணிக்க வேண்டியவர்கள் மொழியைப் படிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இலங்கை அனுபவித்தது. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்கள் மீது வன்முறை மூண்டபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகள் அகற்றப்படாமல் கிடந்தன. அரசு ஃபேஸ்புக்கையே முடக்கியது. 2020இல் அந்த நிறுவனம் தன் பங்குக்காக வருத்தம் தெரிவித்தது.

தேடுவதற்கும் தமிழ் எழுத்தே மேல். 'தண்ணீர்' என்பதை ஆங்கில எழுத்தில் பல வகையாக எழுதலாம் என்பதால், உங்கள் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றி நீங்கள் எழுதியது அடுத்த கோடையில் யார் தேடினாலும் அகப்படுவது அரிது. மொழிபெயர்ப்புப் பொத்தானும் தமிழ் எழுத்தில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. பார்வையற்ற வாசகர்களை நாம் நினைப்பதே இல்லை: திரைவாசிப்பு மென்பொருள் தமிழ் எழுத்தைத் தமிழாகவே வாசித்துக் காட்டும், ஆங்கில எழுத்தில் உள்ள தமிழை ஆங்கிலச் சொல்லாக நினைத்து உச்சரிக்கும், கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

தமிழ் எழுத்து என்று முடிவு செய்த பிறகும் ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது: பேச்சு நடையா, எழுத்து நடையா? பேச்சு நடையில் சூடு இருக்கிறது, ஊர் இருக்கிறது. சென்னைக்காரர் 'வர்றாரு' என்பதை யாழ்ப்பாணத்தவர் 'வாறார்' என்பார். தமிழ்நாட்டுப் பேச்சைத் திரைப்படங்கள் வழியாக ஈழத்தவர் பழகியிருக்கிறார்கள். ஈழத்துப் பேச்சைத் தமிழ்நாட்டார் அந்த அளவுக்குப் பழகவில்லை. ஆகவே நண்பர்களுக்குள் ஒரு வரிப் பதிலுக்குப் பேச்சு நடை போதும். கடல் கடந்தவர்களும் படிக்க வேண்டிய வாதத்துக்கு எளிய எழுத்து நடையே பொருந்தும். மேடைத் தமிழ் தேவையில்லை. 'வருகிறார்' என்று எழுதினால் போதும்.

ஆங்கில எழுத்துத் தமிழை முற்றாக ஒதுக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் படிக்காமல் மலாய்வழிப் பள்ளிக்குப் போனவர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. கனடாவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் இதே நிலை. அவர்கள் அம்மாச்சியின் பதிவுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால், அதைத் திருத்த வேண்டாம், பதில் சொல்லுங்கள். கேலி செய்தால் அவர்கள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள்.

புகார் ஒன்று எழுதுகிறீர்கள் என்றால், ஹேஷ்டேக்கையும் முதல் வரியையும் ஆங்கிலத்தில் வைத்து, நடந்ததையும் உங்கள் நிலைப்பாட்டையும் தமிழ் எழுத்தில் தொடருங்கள். அதிகாரிக்கு முதல் வரி போதும். அதே தெருவில் அதே குழாயை நம்பியிருப்பவருக்கு மீதி முழுவதும் வேண்டும்.