பின்செல்ல விடாத பேருந்து முன்பதிவுத் தளம்

பொங்கலுக்குப் பெங்களூரு மடிவாளாவிலிருந்து மதுரை செல்ல, ஒரு முன்பதிவுத் தளத்தில் இரண்டு படுக்கைகள் பதிவு செய்தேன். பேருந்து நேரத்துக்குப் புறப்பட்டது, கட்டணமும் நியாயமானதே. என் மனக்குறை முழுவதும் தளத்தைப் பற்றியது.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும் முன்பே அறிவிப்புக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கேட்டது. புறப்படும் இடத்தை நானே எழுதித் தரும்போது இருப்பிடம் எதற்கு? இத்தகைய தொல்லை பெருகியதால்தான், பயனர் பக்கத்தில் எதையேனும் தொடும்வரை அறிவிப்புக் கோரிக்கை மேலெழாதபடி ஃபயர்பாக்ஸ் உலாவி 2020 ஜனவரியில் மாற்றியது.

அதைவிடக் கொடுமை, உலாவியின் பின்செல்லும் பொத்தானை முடக்கியது. மேல் படுக்கை மட்டுமே மீதமிருந்ததால், அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கும் வேறு பேருந்தைத் தேடலாமென்று அதை அழுத்தினேன். "இருக்கைகள் வேகமாகத் தீர்கின்றன" என்ற அதே பக்கம் நான்கு முறை திரும்பி வந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே உலாவியின் வரலாற்றில் ஒரு பதிவைச் சேர்க்க உதவும் புஷ்ஸ்டேட் என்னும் வசதி, ஒரே பக்கத்துக்குள் பல நிலைகளைக் காட்டும் தளங்களில் பயனர் வழிதவறாமல் முன்னும் பின்னும் செல்வதற்காகவே உருவாக்கப்பட்டது. ஒரே பக்கத்தை வரலாற்றில் திரும்பத் திரும்ப அடுக்கி, அதையே வாசலை அடைக்கும் தாழ்ப்பாளாக்குவது ஏமாற்று வேலை. கணினியில் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்து, விரியும் பட்டியலில் பழைய பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே வெளியேறினேன். கைபேசியில் முயன்ற அம்மாவோ, கருவி பழுதாகிவிட்டதென்று அஞ்சி அதை அணைத்தே விட்டார்.

அடுத்த பயணத்துக்கு மடிவாளாவில் உள்ள பேருந்து நிறுவன அலுவலகத்திலேயே நேரில் சீட்டு எடுப்பேன்.