டேபிள்டாப் கிரைண்டர், ஆறு வருடம்: கல்லுக்குள் இருக்கிற அந்த வெள்ளைப் புஷ்

"அந்த ரெண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் விலை குறைஞ்சிருக்குதுங்க, எடுத்துக்கலாமுங்களா?" என்று பல்லடத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ஓடுகிறதும் அதே மாடல்தான். அதன் உருளைக்கல் இரண்டும் புது புஷ் மாட்டிக்கொண்டு இந்த வாரம்தான் லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்தன. வாட்ஸ், லிட்டர், வாரண்டி எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. ஆறு வருடம் ஓடிய பிறகு தெரிவது வேறு.

முதலில் மாவு. அதில் ஒரு குறையும் இல்லை. 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் தோல் நீக்கிய முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து 30 நிமிடம் ஆட்டினால் உளுந்து மாவு நிறையக் காணும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிக்ஸி பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழன்று வெட்டுகிறது. மாவு சூடாகிறது, உள்ளே போகிற காற்று நிற்பதில்லை. கல் மெதுவாக நசுக்குகிறது, மடித்து மடித்துப் போடுகிறது. உளுந்தின் பசையும் புரதமும் சேர்ந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரவில் லியூகோனாஸ்டாக் என்கிற பாக்டீரியா புளிக்கவைத்து உண்டாக்கும் வாயுவும் அந்தப் பசைக்குள்தான் அடைபட்டு மாவைத் தூக்குகிறது. மற்ற மாதங்களில் 8 மணி நேரத்தில் பொங்குகிற மாவு மார்கழி, தையில் 14 மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குக் கிரைண்டரைக் குறை சொல்லக்கூடாது.

அரைக்கிற கல்லும் தேயவில்லை. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் பெயர் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் இந்தக் கல்லுக்கும் பங்கு இருக்கிறது. புதுக் கல்லில் ஒரு கைப்பிடி அரிசியைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை ஆட்டிக் கொட்டிவிட்டால் சாம்பல் நிறம் போய்விடும். அதன் பிறகு கல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மோட்டாரும் அதே மோட்டார்தான். பெல்ட் இரண்டு தடவை மாற்றியாயிற்று, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிட்டர் ஒரு தடவை. மோட்டார் 'ம்ம்' என்று இரைந்துகொண்டு டிரம் நகராமல் நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். பழசில் போட்டிருக்கிற அதே அளவில்தான் புதுசு வாங்க வேண்டும்.

கோபமெல்லாம் அந்தப் புஷ் மேல்தான்.

உருளைக்கல்லின் நடு ஓட்டையில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் குழாய். ஸ்டீல் அச்சு அதற்குள்ளேதான் நிற்கிறது. கல் சுற்றுவதும் அதன் மேல்தான். ஆட்டும்போது மாவு அந்த இடுக்கில் ஏறும், அதைத் தடுக்க முடியாது. கழுவும்போது சரியாக எடுக்காவிட்டால் காய்ந்து சிமெண்ட்டாகிவிடும். அடுத்த தடவை ஓட்டும்போது உருளை சுற்றாமல் ஒரே பக்கமாக இழுபடும். இழுபட்டால் கல்லில் தட்டையாக ஒரு முகம் விழும், பெல்ட் நழுவி ரப்பர் கருகுகிற வாடை வரும், மாவு சூடாகும். இறுகாவிட்டாலும் தேய்மானம் உண்டு. அரிசி நொய் உப்புத்தாள் மாதிரி அறுத்து, வட்ட ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடுகிறது. அப்போது கல் ஆடும், 'டக் டக்' என்று டிரம்மில் இடிக்கும். மாவில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஸ்டீலில் கல் உரசுகிறது என்று அர்த்தம். அந்த மாவைக் கொட்டிவிடுங்கள்.

இட்லி மாவில் இது சீக்கிரம் தெரியாது. இட்லி அரிசி கொஞ்சம் ரவையாக இருந்தாலும் வெந்துவிடும். சந்தகைக்கு, அதாவது இடியாப்பம் மாதிரி எங்கள் பக்கம் பிழிகிற பலகாரத்துக்கு, ஆட்டும்போதுதான் தெரியும். அதற்கு மாவு வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். 35, 40 நிமிடம் ஓடியும் விரலில் நெருநெருவென்று இருந்தால், வேகவைத்துப் பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும், கை வலி வேறு. அரிசியை மாற்றிப் பார்ப்பார்கள், ஊறவைக்கிற நேரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் கல்லைக் கையில் எடுத்து, அச்சைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு தீக்குச்சி கனத்துக்கு ஆட்டம் இருந்தால் புஷ் முடிந்தது.

கழுவும் முறை இது. மாவை வழித்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கல்லைக் கழற்றிக் குழாய்க்கு அடியில் பிடித்து, உருளை ஒவ்வொன்றையும் வெள்ளைத் தண்ணீர் நிற்கும்வரை கையால் சுற்றுங்கள். படுக்க வைக்காமல் நிறுத்திக் காயவையுங்கள். மாதம் ஒரு முறை அச்சின் முனையிலுள்ள லாக்கை பிளையரால் எடுத்து, உருளையைக் கழற்றி, புஷ்ஷுக்குள் பழைய டூத்பிரஷ் விட்டுத் தேயுங்கள். எண்ணெய் எதுவும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் மாவில் கலக்கும், நல்லெண்ணெய் பிசினாகிவிடும். இந்தப் புஷ்ஷுக்குத் தண்ணீரே போதும்.

உலகத்தில் இந்த இயந்திரம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று நினைத்தால் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். அமெரிக்காவில் கொக்கோ கொட்டையிலிருந்து சிறிய அளவில் சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் நம்ம ஊர் டேபிள்டாப் கிரைண்டரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வறுத்து உடைத்த கொக்கோவில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. டிரம்மைச் சூடுபடுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் 34 டிகிரி வாக்கில் அந்தக் கொழுப்பு உருகிக் குழம்பாகும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரைகூட ஓடுகிறது. துகள் 20 மைக்ரான் அளவுக்கு வந்தால்தான் நாக்கில் நெருநெருப்பு இருக்காது. ஒரு துளி தண்ணீர் பட்டாலும் குழம்பு இறுகிவிடும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கொக்கோ இருக்கிறதே, அதை அரைக்கவும் இதே கல்தான். ஆனால் வீட்டுக் கிரைண்டரில் முயற்சி செய்யாதீர்கள். அதன் மோட்டார் அரை மணி, முக்கால் மணி வேலைக்கானது. சாக்லேட்டுக்கு என்றே விடாமல் ஓடும் மோட்டாரும் கல்லை அழுத்தும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்கிறார்கள்.

மூன்று நாள் நிற்காமல் சுற்றுகிற புஷ்ஷைச் செய்யத் தெரிந்த ஊரில், வாரம் இரண்டு தடவை ஆட்டுகிற வீட்டுக்காரருக்கு அதைத் தனியாகக் கொடுக்கக் கம்பெனிக்கு மனம் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ரோலர் செட்டாத்தான் வருமுங்க" என்கிறார்கள். தேயாத இரண்டு கருங்கல்லை வீசிவிட்டு, ஒரு டீ விலைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக்குக்காக முழு செட்டும் வாங்க வேண்டுமாம். 2011இல் அரசே விலையில்லாக் கிரைண்டர் கொடுக்கத் தொடங்கி, வீட்டுக்கு வீடு கிரைண்டர் இருக்கிற மாநிலம் இது. இந்தச் சின்ன சாமான் மளிகைக் கடையில் தொங்க வேண்டாமா?

வழி லேத் பட்டறைதான். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் வேலை செய்கிற பட்டறைகளில் கடைந்து கொடுப்பார்கள். பழைய புஷ்ஷையும் அச்சையும் கல்லையும் சேர்த்தே கொண்டுபோங்கள்; தேய்ந்த புஷ்ஷை மட்டும் வைத்து அளவெடுத்தால் தப்பாகிவிடும். உணவுக்கு உகந்த வெள்ளை டெல்ரின் ராடு கேளுங்கள், அது கெட்டியான ஒரு பிளாஸ்டிக். நைலான் தண்ணீர் குடித்து உப்பும், அச்சைக் கவ்விக்கொள்ளும். டெஃப்லான் வழுவழுப்புதான், ஆனால் மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் தேயும். கன்மெட்டல் போட்டால் ஆயுசுக்கும் வரும் என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் செம்பு இருக்கிறது, இடுக்கில் தங்கிப் புளித்த மாவு பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். உள் ஓட்டை அச்சைவிட 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். கல்லுக்குள் இறுக்கமாகத் தட்டி ஏற்ற வேண்டும், சுத்தியல் அடி நேராகக் கல்லில் படக்கூடாது, நடுவில் மரக்கட்டை வையுங்கள். மாட்டிய பிறகு கையால் ஒரு சுண்டு சுண்டினால் உருளை இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும்.

பட்டறையிலிருந்து வந்த கல்லில் நேற்று சந்தகைக்கு ஆட்டியாயிற்று. 30 நிமிடத்தில் மாவு வெண்ணெய். இதைவிட நல்ல மாவு ஆட்டும் டேபிள்டாப் நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் பல்லடத்து நண்பருக்குப் பதில்: வாங்காதீங்க. எத்தனை ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம். கடைக்காரர் புஷ்ஷைத் தனியாக எடுத்து மேசையில் வைக்கிற மாடல் எதுவோ, அதை வாங்குங்க.