பேரிலை ரோடோடென்ட்ரான்கள்: ஆர்கைல் தோட்டத்தில் 15 ஆண்டுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்கைல் பகுதியில், எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 2010 வசந்தத்தில் மூன்று ரோடோடென்ட்ரான் கன்றுகளை நட்டேன்: சினோகிராண்டே, மகாபியானம், ரெக்ஸ். நான் உதகையில் காட்டுப் பூவரசு என்னும் ரோடோடென்ட்ரானின் சிவந்த பூக்களைப் பார்த்து வளர்ந்தவன். அதே பேரினத்தில் 80 சென்டிமீட்டர் வரை நீளும் இலைகளைக் கொண்ட மரமும் உண்டு என்பதைப் பென்மோர் தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றபோதுதான் அறிந்தேன். அதுதான் சினோகிராண்டே; ஸ்காட்லாந்துத் தாவரச் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஃபாரெஸ்ட் 1912-இல் சீனாவின் யுன்னானில் கண்டறிந்தது.

நட்ட ஆண்டின் டிசம்பர், 1910 முதலான பதிவுகளில் பிரிட்டனின் மிகக் குளிர்ந்த டிசம்பராக அமைந்தது. இலைகள் பாய் சுருட்டியதைப் போலச் சுருண்டு தொங்கின. மூன்றும் போய்விட்டன என்றே கலங்கினேன். ஆனால் உறைபனி இளகியதும் ரெக்ஸும் மகாபியானமும் இலைகளை விரித்துக்கொண்டன. சினோகிராண்டேயின் நுனிமொட்டு மட்டும் கருகி, மறு ஆண்டு பக்கமொட்டுகளிலிருந்து துளிர்த்தது.

உண்மையான பகை குளிரன்று, காற்று. கடற்காற்று ஒரே இரவில் இலைக்காம்புகளை முறித்துவிடும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே துளிர்விடும் இம்மரத்தில், கிழிந்த இலையின் இடத்தை நிரப்பப் புது இலை உடனே வராது. 2013-இல் சினோகிராண்டேயை வேர்மண்ணோடு பெயர்த்து, ஹோலி மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் பின்னே, மதிய வெயில் வடிந்து விழும் இடத்தில் நட்ட பிறகே அதன் இலைகள் முழு அளவை எட்டின.

மண் அமிலத்தன்மை உடையதாக இருக்க வேண்டும். எங்கள் மண்ணின் பி.எச். அளவு 5. மகாபியானத்தை ஆழமாக நட்டது என் பிழை. களிமண்ணில் நீர் தேங்கி இலைகள் வெளிறின; மீண்டும் தோண்டியெடுத்து, ஓரடி உயர மேட்டில் வைத்ததும் தேறியது. வேர்கள் மேலாகவே பரவுவதால் அடியில் களைக்கொத்தைக் கொண்டு செல்வதே இல்லை. ஆண்டுதோறும் ஓக் இலைமக்கை மூடாக்காக இடுகிறேன், தண்டைத் தொடாமல். மழை மிகுந்த இவ்வூரிலும் மே, ஜூன் மாதங்களில் சில வாரங்கள் வறண்டுபோவதுண்டு. புதிய இலைகள் விரியும் அந்த வாரங்களில் நீர் குறைந்தால் அவ்வாண்டு இலைகள் சிறுத்தே நின்றுவிடும் என்பதால், பீப்பாயில் சேர்த்த மழைநீரைத் தவறாமல் ஊற்றுகிறேன்.

நாகாலாந்து, மணிப்பூர் மலைகளுக்குரிய மகாபியானம் 2022-இல் முதன்முறையாகப் பூத்தது. மஞ்சள் மணிகளின் உள்ளே கருஞ்சிவப்புக் கறை. அழகுதான். ஆயினும் பூ உதிர்ந்தபின் சிவந்த மொட்டுச் செதில்களைப் பிளந்துகொண்டு வெள்ளி நிறத்தில் எழும் தளிர்களுக்காகவே இதை மீண்டும் நடுவேன். சினோகிராண்டே இன்னும் பூக்கவில்லை. அதன் இலைகளைக் காணும் எனக்கு அது குறையாகவும் தோன்றவில்லை.

ஒரேயொரு மரத்துக்கு இடமுள்ளவர்கள் ரெக்ஸை நடலாம். மூன்றில் குளிரை எளிதாகத் தாங்குவது அதுவே. இரண்டு மீட்டர் இடைவெளி போதாது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். மகாபியானத்தோடு நெருக்கியடித்து நிற்கும் என் ரெக்ஸை, வரும் அக்டோபரில் அகன்ற வேர்த்தட்டோடு பெயர்த்து நகர்த்த வேண்டியிருக்கிறது.