எச்சில் இலை எங்கே போகிறது? குழி, கேஸ், வண்டி, பன்றிப் பண்ணை: ஓட்டல்காரர்களுக்கு ஓர் அலசல்

நடுத்தர அளவு சைவ ஓட்டல் ஒன்றின் முதலாளியிடம் தினமும் எவ்வளவு குப்பை சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள். “என்ன, ஒரு நாலு டிரம் இருக்கும்” என்பார். தராசில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. சட்டம் பேசுவதோ டிரம் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில்.

2016 ஏப்ரலில் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தை மொத்தக் கழிவு உண்டாக்குவோர் என்று வகைப்படுத்தின. இந்த 100 கிலோ சாப்பாட்டுக் கழிவு மட்டுமல்ல, அட்டைப்பெட்டி, பால் கவர் எல்லாம் சேர்த்து. அது போக, ஓட்டல்களுக்கென்றே அதில் தனியாக ஒரு பிரிவு இருந்தது: குப்பையை உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். இவற்றுக்குப் பதிலாக வந்த 2026 விதிகள் ஏப்ரல் 1 முதல் நடைமுறை. குப்பையை ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படுவது என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. 100 கிலோ எல்லை தொடர்கிறது. அதோடு 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்ற அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன. மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். ஈரக் கழிவை உள்ளேயே பதப்படுத்த வழியில்லாதவர்கள் அதற்கு ஈடாகச் சான்றிதழ் பெற வேண்டும்.

சரி, எந்த வழியில் போவது? மெஷின் விற்பவர்கள் எல்லாரும் ‘மொத்தக் குப்பையும் இதிலேயே போடலாம் சார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. ஓட்டலில் ஈரக் குப்பை ஒன்றல்ல, இரண்டு. காய் நறுக்கும் மேடையில் விழும் தோல், காம்பு, கொத்தமல்லி வேர் எல்லாம் பச்சைக் கழிவு. இலையிலும் தட்டிலும் மிஞ்சும் சோறு, சாம்பார், பொரியல் எச்சில் கழிவு. இந்த இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டிய பிறகு எந்த மெஷின் வாங்கினாலும் பாதி வேலைதான் நடக்கும்.

உரக்குழி பச்சைக் கழிவுக்குப் பிரமாதம். தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ காய்ந்த இலையோ கலந்து, வாரம் ஓரிரு முறை கிளறிவிட்டால் 30 முதல் 45 நாளில் உரம் தயார். கரண்டு வேண்டாம், பெரிய முதலீடும் வேண்டாம். ஆனால் எச்சிலை அதில் கொட்டினால் கதை மாறிவிடும். சோற்றிலும் சாம்பாரிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். எண்ணெயும் உப்பும் வேறு. காற்றுப் புகாமல் ஊறி அழுகி நாறும், புழு வைக்கும், எலி வரும், அப்புறம் பக்கத்துக் கட்டடக்காரர் வருவார். இடக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 100 கிலோ என்றால், 40 நாள் சுழற்சியில் எந்த நேரமும் சில டன் குப்பை உங்கள் வளாகத்தில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரையும் வேண்டும்.

‘24 மணி நேரத்தில் உரம்’ என்று ஒரு மின்சார மெஷின் விற்கிறார்கள். அதிலிருந்து வருவது உரமல்ல, காய்ந்த சோறு. சூட்டில் தண்ணீரை விரட்டிப் பொடியாக்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்தப் பொடியில் மறுபடி ஈரம் பட்டால் பூஞ்சை பூக்கும். செடிக்குப் போட வேண்டுமென்றால் பிறகு சில வாரமாவது மக்க வைத்தே ஆக வேண்டும். எடை குறைகிறது, நாற்றம் தள்ளிப்போகிறது என்பது உண்மை. அதற்குக் கரண்டு பில் கட்டச் சம்மதமென்றால் வாங்கலாம். உரம் என்று நம்பி வாங்காதீர்கள்.

எச்சிலுக்கு உண்மையான ஜோடி சாண எரிவாயுவின் தம்பியான பயோகேஸ். சோறு, சாதக் கஞ்சி, மாவு, பருப்பு எல்லாம் நுண்ணுயிர்களுக்கு விருந்து. இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிசர்க்ருணா முறை சமையலறைக் கழிவுக்கென்றே வந்தது. தோராயமாக 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய அரை கிலோ எல்பிஜிக்குச் சற்றுக் குறைவான சூடு தரும். ஆகவே நாளுக்கு நாலு கிலோ எல்பிஜி மிச்சம், அதாவது ஐந்து நாளைக்கு ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். விற்பவர் சொல்லும் கணக்கு எப்போதும் இதைவிட அழகாக இருக்கும். அழுத்தம் குறைவு என்பதால் தோசைக்கல்லுக்கு இது சரிப்படாது, அரிசி உலைக்கும் பாலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பர்னரின் துளையைப் பெரிதாக்க வேண்டும். இரும்புத்தூள் வடிகட்டி வைக்காவிட்டால் கந்தக வாயு பாத்திரத்தையும் பர்னரையும் அரித்துவிடும்.

இதன் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிவுக்குச் சம அளவு தண்ணீர் சேர்ப்பதால் தினமும் 200 லிட்டர் கரைசல் உள்ளே போகும், கிட்டத்தட்ட அவ்வளவும் வெளியே வரும். தோட்டம் இருந்தால் அது வரம். இல்லாவிட்டால் சாக்கடைப் பிரச்சினை. முழு வாழை இலையைப் போட்டால் நார் சிக்கிக் குழாய் அடைக்கும். எலுமிச்சைத் தோல் அதிகமானால் உள்ளே புளித்துப்போகும். எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டலில், பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரையும் அதிலேயே திருப்பிவிட்டார்கள், தண்ணீர்ச் செலவு மிச்சமாம். வாயு நின்றே போயிற்று. மறுபடி சாணம் கரைத்து ஊற்றி உயிர்ப்பிக்கப் பல வாரங்கள் ஆயின. இது மெஷின் அல்ல, மாடு வளர்ப்பது மாதிரி. தினம் தீனி, அளவான தீனி, கண்டதையும் போடக்கூடாது.

அதனால்தான் கல்யாண மண்டபத்துக்கு பயோகேஸ் வேண்டாம் என்பேன். முகூர்த்த நாளில் மூன்று பந்தி எச்சில் ஒரே நேரத்தில் வந்து குவியும். ஆடியிலும் மார்கழியிலும் அந்த மாடு பட்டினி கிடக்கும். மண்டபத்துக்கு வண்டிதான் வழி.

வண்டி என்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி பெற்ற நிறுவனம் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எடுத்துப் போவது. வாடகைக் கட்டடத்தில், முதல் மாடியில், பின்வாசல்கூட இல்லாமல் ஓட்டல் நடத்துகிறவருக்கு இதைவிட்டால் வேறு கதி இல்லை. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இந்தூரில் 2022 முதல் இயங்கும் ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையை எடுத்து, பேருந்து ஓட்டும் அளவுக்கு வாயு தயாரிக்கும் திறன் கொண்டது. அந்த அளவில் செய்தால் நம் கொல்லைத் தொட்டியைவிட எத்தனையோ மடங்கு நேர்த்தியாக நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது? பதில் ஆலையின் பெயராக இருக்க வேண்டும், ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று இருக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சென்னையின் தெற்குப் பகுதி மூச்சுத் திணறியது. கலந்து கொட்டியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. தினமும் எடைச்சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக பன்றிப் பண்ணைக்காரர். விடியற்காலையில் வருவார், பணம் கேட்க மாட்டார், டிரம்மைக்கூட கழுவி வைத்துவிட்டுப் போவார். இவரை விட மலிவான வழி கிடையாது, பல ஊர்களில் பல காலமாக நடப்பதும் இதுதான். சோறு உயிருக்கே போய்ச் சேருகிறது என்ற வகையில் எனக்கும் பிடித்த வழி. ஆனால் வேகவைக்காத எச்சில் நோயைக் கடத்தும். 2001இல் பிரிட்டனை உலுக்கிய கோமாரி நோய் அப்படிப் பதப்படுத்தாத எச்சில் தின்ற ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகத்தான் விசாரணையில் தெரிந்தது, அந்த ஆண்டே அங்கு எச்சில் தீனிக்குத் தடை வந்தது. இந்தியாவில் 2020 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கிறது. சைவ ஓட்டல் எச்சிலுக்கு ஆபத்து குறைவு, அசைவ ஓட்டலுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எடைச்சீட்டும் அவர் தர மாட்டார், ஆய்வு வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

என் தேர்வைக் கேட்டால், சொந்த இடமும் கொல்லையும் உள்ள 100 முதல் 200 கிலோ ஓட்டல் பச்சைக் கழிவைக் குழிக்கும் எச்சிலை பயோகேஸுக்கும் பிரித்துவிடட்டும். இலையை நறுக்கிக் குழியில் போடலாம். வாடகைக்காரரும் மண்டபமும் வண்டியோடு ஒப்பந்தம் போடட்டும். பொரித்த எண்ணெயை மட்டும் இவற்றில் எதிலும் ஊற்ற வேண்டாம், பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் தராசு வைத்து, இரண்டு டிரம்மையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். டேபிள் துடைக்கும் பையன்தான் டிஷ்யூவையும் ஸ்ட்ராவையும் பொறுக்கி எடுக்கப் போகிறவர். அவர் சம்பளத்தில் அதற்கென்று கொஞ்சம் கூட்டுங்கள்.