டார்ச் அடித்துப் பார்த்த அண்ணன்: அம்மாபேட்டை டிவி சர்வீஸ் கடை, ஐந்துக்கு நாலு

ஏற்காட்டில் அம்மா வீட்டு டிவி போன ஏப்ரலில் ஒரு ராத்திரி சீரியல் நடுவில் இருட்டாகிவிட்டது. சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை. 43 அங்குல எல்இடி, வாங்கி நாலு வருஷம், வாரண்டி எப்போதோ முடிந்த கதை. மலையிலேயே ஒருவர் வந்து, பின்மூடியைக்கூடக் கழற்றாமல், "பேனல் போச்சுங்க, மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அம்மா அன்றைக்கே புது டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது வரை யோசித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூட வேலை செய்பவர் சொன்ன இந்தச் சேலம் அம்மாபேட்டைக் கடைக்கு எடுத்து வந்தேன். கடை பெயர் போடவில்லை, போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே சொன்னார், வருகிற வேலையே முடிந்தபாடில்லையாம். பக்கத்தில் தறிச்சத்தம் கேட்கும் சந்து, 'ரேடியோ கடை' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நண்பனின் ஆம்னியில் பின்சீட்டில் டிவியைப் படுக்கப் போட்டு, மேலே போர்வை போர்த்தி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து நின்றால் முதல் திட்டு அதற்குத்தான் விழுந்தது. எல்இடி டிவியைப் படுக்கப் போட்டால் அந்த மெல்லிய கண்ணாடி தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் குலுங்குகிற இடத்தில் கீறல் விடும், நிற்க வைத்துத்தான் கொண்டு வர வேண்டும், அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் இரண்டு தலையணைக்கு நடுவில். உடையாமல் வந்தது என் அதிர்ஷ்டம். திரும்பப் போகும்போது முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே மலை ஏறினேன், இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். டிவியை ஆன் செய்தார், கடை லைட்டை அணைத்தார், செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போலப் பிடித்துச் சாய்வாக அடித்தார். உற்றுப் பார்த்தால் உள்ளே மங்கலாக ஆள் நடமாடுவது தெரிகிறது! "பேனல் நல்லா இருக்குது தம்பி, பின்னாடி விளக்குதான் போயிருக்கு" என்றார். படம் உருவாவது முன்னால் இருக்கும் எல்சிடி கண்ணாடியில், வெளிச்சம் கொடுப்பது அதன் பின்னால் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் குட்டி எல்இடிகள். அந்தப் பட்டைகள் கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தவை, ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். பிரித்துக் காட்டினார், மூன்று பட்டையில் ஒரே ஒரு பல்பு கருகியிருந்தது. அதை மட்டும் மாற்றினால் அடுத்தது ஆறு மாதத்தில் போகும், எல்லாம் ஒரே வயசு என்று மூன்றையும் மாற்றினார். கூலியோடு சேர்த்து 2,600 ரூபாய்.

ஏன் போனது என்று கேட்டேன். அங்கேதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. டிவி வாங்கிய கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருந்த விவிட் மோடிலேயே, பேக்லைட் (அந்தப் பின்னாடி விளக்கு) 100-இல், நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் யாரும் அந்த மெனுவுக்குள் போனதே இல்லை. 50, 60 போதும் என்று குறைத்துக் கொடுத்தார், கண்ணுக்கும் இப்போது இதமாக இருக்கிறது. பிரைட்னஸ் என்பது பல டிவிகளில் வேறு சமாசாரம், பேக்லைட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேடிக் குறையுங்கள். அப்புறம் அம்மாவின் பூப்போட்ட துணி உறை. சீரியல் முடிந்ததும் ரிமோட்டில் அணைத்து, சூடு ஆறுவதற்குள் உறையை மாட்டிவிடுவார். பழைய பெட்டி டிவிக்குப் பழகிய கை. சிவப்பு லைட் எரிகிறது என்றால் உள்ளே கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம், சுவர் ஸ்விட்சை அணைத்து, ஆறிய பிறகு மூடினால் பரவாயில்லை என்றார். (ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம், அது ரிமோட்டில் மட்டும் அணைத்த ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் திரையைத் தானே சரிசெய்துகொள்ளும்.) பின்மூடிக்குள் இரண்டு பல்லி முட்டை ஓடும் காய்ந்த ஒரு பல்லியும் இருந்தன. சூட்டுக்கு வந்து குடியிருக்கிறது. அது போர்டில் இரண்டு முனையைத் தொட்டால் அதுவும் காலி, டிவியும் காலி. இன்னொன்று, மலையில் சாரல் அடிக்கும் சுவரில் ஒட்டி மாட்டியிருந்ததால் செட்டாப் பாக்ஸ் ஒயர் செருகும் எச்டிஎம்ஐ துளைகளில் பச்சை பூத்திருந்தது. நாலு விரல் இடைவெளி விட்டு உள்சுவரில் மாட்டச் சொன்னார், மாட்டிவிட்டோம்.

மலைக்காரர்களுக்கு முக்கியமானது இடி. ஏப்ரல், மே கோடை மழையில் ஏற்காட்டில் விழுகிற இடி உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஸ்பைக் பஸ்டர் (திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் பிளக் பெட்டி) வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அதன் மூன்று முள் பிளக் பழைய இரண்டு துளை போர்டில் நுழையவில்லை என்று யாரோ எர்த் முள்ளை வெட்டியிருக்கிறார்கள், யார் என்று வீட்டில் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி செய்ய வேண்டிய வேலையில் பெரிய பங்கு நடக்காது. எர்த் இருந்தாலும் பக்கத்தில் விழுகிற இடியை அது தாங்காது. அதைவிட, இடி கரண்ட் கம்பி வழியாகத்தான் வரும் என்றில்லை, கூரை மேல் இருக்கும் டிஷ், கம்பத்திலிருந்து வரும் கேபிள், செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ, எல்லாமே அதற்குப் பாதைதான். அவரிடம் இடியில் வரும் செட்டுகளில் நிறைய எச்டிஎம்ஐ பக்கம் கருகித்தான் வருமாம். அதனால் வானம் கறுத்ததுமே பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் பிடுங்க வேண்டும். தலைக்கு மேல் இடி இடிக்கும்போது போய் ஒயரைப் பிடுங்கக் கூடாது, அப்போது டிவி போனால் போகட்டும்.

ஸ்டெபிலைசர் விற்பார் என்று நினைத்தேன், விற்கவில்லை. பின்னால் லேபிளைக் காட்டினார், 100-240 வோல்ட் என்று போட்டிருந்தது, குறைந்த வோல்டேஜை அதுவே சமாளிக்கும். ஆபத்து, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி கட் ஆகும்போதுதான், 230 வர வேண்டிய இடத்தில் 400 பக்கம் வரை போகலாம். லைட்டெல்லாம் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட வேண்டும்.

ஆயுத பூஜைக்கு டிவிக்கும் ஈரத்துணியில் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடு எங்கள் வீடு. திரையில் வழியும் தண்ணீர் கீழ் விளிம்புக்குள் இறங்கினால், பல மாடல்களில் அங்கேதான் மெல்லிய ரிப்பன் இணைப்புகள் ஒட்டியிருக்கும், கோடு கோடாக விழ ஆரம்பிக்கும், அதற்கு மருந்து இல்லை. கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயும் கூடாது. டிவியை அணைத்துவிட்டு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியில் மெதுவாக, அவ்வளவுதான். பொட்டு இப்போது ஸ்டாண்டுக்குத்தான்.

அவர் மேஜை ஓரத்தில் 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி ஒன்று மூடி திறந்தபடி இருந்தது. நான் எட்டிப் பார்க்கப் போக, கையைத் தட்டிவிட்டார். பிக்சர் டியூபில் 20,000 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும், பழைய டிவியை வீட்டில் யூடியூப் பார்த்துத் திறக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை வாங்க என்றவர் கொடுத்தது ஒன்பதாவது நாள். போன் எடுக்கவே மாட்டார். பில் கிடையாது, டிவியின் முதுகில் மார்க்கரில் தேதியும் 'மூணு மாசம்' என்றும் எழுதினார், அதுதான் வாரண்டி. புதுப் பட்டை போட்டதில் வெள்ளை கொஞ்சம் நீலம் அடிக்கிறது, கிரிக்கெட்டில் தெரியவில்லை, வெள்ளை வேட்டி வரும்போது தெரிகிறது. மலைக்கெல்லாம் வர மாட்டார், நீங்கள்தான் தூக்கி வர வேண்டும். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே தூங்குவார், தட்டாதீர்கள், நான் தட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் சந்து முனை வண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக் காத்திருக்கலாம், காரம் தூக்கல்.