மேசையா, ஜோடியா: ஆங்கில மரபுத்தொடர் படிக்கும் ரஷ்யர்களுக்கு எது நல்லது?

ரஷ்ய மொழி பேசுபவர்களுக்கான ஆங்கில மரபுத்தொடர்ப் பாடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஏதாவது ஒரு வீட்டுப் பொருளின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அது வரும் தொடர்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்குவது ஒரு வகை. ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றுக்கும் ரஷ்யத்தில் ஏற்கெனவே உள்ள தொடரை ஜோடி சேர்ப்பது இன்னொரு வகை. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

முதல் வகைக்கு 'டேபிள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' என்றால் ஒளிவுமறைவில்லாமல் பேசுவது. ரஷ்யரும் சீட்டை மேசைமேல்தான் வைக்கிறார், எனவே இதைப் படிக்கவே வேண்டாம். 'டர்ன் தி டேபிள்ஸ்' என்றால் தோற்றுக்கொண்டிருந்தவரின் கை ஓங்குவது. இந்த டேபிள் சாப்பாட்டு மேசை இல்லை, பகடை உருட்டி ஆடும் பழைய ஆட்டத்தின் பலகை. 'அண்டர் தி டேபிள்' பணம் என்றால் கணக்கில் வராத பணம். அதே மேசைக்கு அடியில் ஒருவரைக் 'குடித்துத் தள்ளினால்' அவரைவிட அதிகம் குடித்துவிட்டு நிதானமாக இருப்பது. இப்படி அடுக்கினால் பாடம் தயாரிப்பவருக்குச் சுலபம், படிப்பவருக்குத் தலைவலி. சொல் ஒன்று, பொருளுக்குள் உறவே இல்லை. கடைசி இரண்டும் ஒரு வாரத்தில் குழம்பிவிடும்.

இந்த முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. 'டேபிள்' வினைச்சொல்லாகவும் வரும். ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத் தலைமைகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டியதை சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஒரே சொல்லைச் சுற்றி வரும் பாடத்தில்தான் இது கண்ணில் படும். ஜோடி முறையில் நழுவிவிடும்.

சரி, ஜோடி முறைக்கு வருவோம். 'அண்டர் தி டேபிள்' சம்பளத்துக்கு ரஷ்யத்தில் 'உறையில் சம்பளம்' என்று சொல்வார்கள். கணக்கில் கொஞ்சம் காட்டிவிட்டு மீதியை உறையில் போட்டுக் கையில் கொடுக்கும் வழக்கம் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். படம் வேறு, விஷயம் ஒன்று. அப்புறம் மறக்காது. கெட்டிலைப் பார்த்துக் கறுப்பு என்று சொல்லும் ஆங்கிலப் பானையும் அப்படித்தான். 'யார் மாடு கத்தினாலும் கத்தட்டும், உன் மாடு சும்மா இருக்கட்டும்' என்கிறது ரஷ்யம். நாம் ஈயத்தைப் பார்த்துப் பித்தளையை இளிக்க வைத்திருக்கிறோம். காலையில் சிடுசிடுவென்று இருப்பவர் ஆங்கிலத்தில் கட்டிலின் தப்பான பக்கத்தில் இறங்கியவர், ரஷ்யத்தில் தப்பான காலை ஊன்றி எழுந்தவர். 'கிக் தி பக்கெட்' என்றால் சாவது. ரஷ்யத்தில் அதற்குப் 'பெட்டிக்குள் ஆடுவது'. இரண்டுமே கொச்சை. இழவு வீட்டில் இரண்டையும் வாய்திறந்து சொல்ல முடியாது. ஜோடி என்றால் இப்படி மரியாதை அளவிலும் பொருந்த வேண்டும்.

நிபந்தனை என்று சொன்னது இதைத்தான்: பார்வைக்கு ஒத்துப்போகிறதே என்று ஜோடி சேர்க்கக் கூடாது. 'வாயில் வெள்ளி ஸ்பூனோடு பிறந்தவர்' என்பதற்கு 'சட்டையோடு பிறந்தவர்' என்ற ரஷ்யத் தொடரை எழுதித் தருகிறவர்கள் உண்டு. இரண்டிலும் ஒரு குழந்தை எதனோடோ பிறக்கிறது, ஒற்றுமை அதோடு சரி. ஸ்பூன்காரர் பணக்கார வீட்டுப் பிள்ளை. சட்டைக்காரர் அதிர்ஷ்டசாலி, அதிலும் ஆபத்திலிருந்து தப்பிப் பிழைத்தவருக்கே பெரும்பாலும் சொல்வார்கள். அந்தச் சட்டை சில குழந்தைகள் பிறக்கும்போது ஒட்டியிருக்கும் பனிக்குடச் சவ்வு. விபத்தில் தப்பிய ஏழை ஒருவரை இந்த ஜோடியை நம்பி ஆங்கிலத்தில் வாழ்த்தினால், அவர் முழிப்பார்.

புத்தகம் வேண்டுமென்றால் சோவியத் மொழியியலாளர் கூனின் தொகுத்த ஆங்கில-ரஷ்ய மரபுத்தொடர் அகராதி இருக்கிறது. முதல் பதிப்பு 1955, நான்காம் பதிப்பு 1984, சுமார் 20,000 தொடர்கள். ரஷ்ய இணைகளுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்து வருபவை, பழைய வாடை அடிக்கும். இன்றைய புழக்கத்துக்கு, உண்மையான எழுத்தையும் பேச்சையும் திரட்டி 1995இல் வந்த காலின்ஸ் கோபில்ட் ஆங்கில மரபுத்தொடர் அகராதி மேல், ஆனால் அதில் ரஷ்யம் கிடையாது. கூனினில் ஜோடி கண்டுபிடித்து, கோபில்டில் சரிபார்த்து, யார் யாரிடம் சொல்வது என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும்.